டிக்கெட்டின் முதுகில் எழுதிய பாக்கி

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டுகிறீர்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து, அதன் முதுகில் பேனாவால் ஓர் எண்ணை எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டுக் கையில் தருகிறார். "எறங்கையில வாங்கிக்கிடுங்க." அந்த எண்தான் உங்களுக்கு வர வேண்டிய சில்லறை. முக்கூடலிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ திருநெல்வேலிக்குப் பஸ் ஏறியவர்களுக்கு இந்த வட்டம் நன்றாகத் தெரியும். சந்திப்பில் இறங்கும் நெரிசலில் அதை மறந்துவிட்டு, பஸ் போன பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டவர்களும் நிறைய. நானும் ஒருவன்.

வட்டத்துக்குள் இருப்பதும் பணம்தான். ஆனால் அது அதே பஸ்ஸில், அதே கண்டக்டரிடம், அந்த ஒரு நடைக்கு மட்டும் செல்லும். இறங்கி அடுத்த பஸ் ஏறிவிட்டால் வெறும் காகிதம். இப்போது அந்த எண் அடுத்த பஸ்ஸிலும், மினி பஸ்ஸிலும், செங்கோட்டை பாசஞ்சரிலும், நாளைக்கும் அடுத்த மாதமும் செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான டிஜிட்டல் பயணக் கட்டணம் என்று சொல்வது அதைத்தான். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, விஷயம் அந்த வட்டத்தை விரிப்பது மட்டுமே. விரிப்பதற்கு யார் செலவழிப்பது, அதில் ஏழைக்கு என்ன லாபம் என்பதுதான் பேச வேண்டியது.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் மதினி ஒருவர் இருக்கிறார். மாமியாரை மாதம் ஒரு தடவை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஊருக்குள் வருவது மினி பஸ் மட்டும். அதில் இரண்டு பேருக்கும் காசு. மெயின் ரோட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அது டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குக் காசு இல்லை. புறநகர் பஸ்ஸாக இருந்தால் உண்டு. சந்திப்பில் இறங்கி பாளையங்கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்று பஸ், மூன்று கணக்கு.

பெண்களுக்கு எல்லாம் இலவசம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பிறகு திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய துணையாளருக்கும் அது விரிந்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. பீடி சுற்றும் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. கேஸ் சிலிண்டர் கணக்கில் வரும் தொகை.

ஆனால் இலவசம் பஸ்ஸுக்குத்தான், பயணத்துக்கு இல்லை. தனியார் மினி பஸ் அந்தச் சலுகைக்குள் வராது. புறநகர் பஸ்ஸும் வராது. ஆகவே மதினி என்ன செய்வார்? கண் முன்னே காலியாக வரும் புறநகர் பஸ்ஸை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பார். அந்த நேரத்தில் சுற்றாமல் போன பீடிக்கு யாரும் கூலி தருவதில்லை. கூட வரும் அண்ணனுக்கோ எல்லா பஸ்ஸிலும் முழு டிக்கெட்.

இந்த மூன்று பஸ்ஸையும் ஒரே பயணமாகப் பார்க்கும் கணக்கு ஒன்று இருந்தால்? முதல் பஸ்ஸில் கொடுத்ததைக் கணக்கில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பஸ்ஸில் மீதியை மட்டும் வாங்கலாம். அதைச் செய்ய இரண்டாவது கண்டக்டருக்கு முதல் கண்டக்டர் வாங்கியது தெரிய வேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார். மெஷின் சொன்னால் நம்புவார். டிஜிட்டல் இங்கே தேவைப்படுவது அதற்காகத்தான், பகட்டுக்காக அல்ல.

அட்டைக்குள் பணமா, கணக்கில் பணமா

உலகில் இதற்குப் பழைய உதாரணம் ஹாங்காங்கின் ஆக்டோபஸ் அட்டை. 1997-ல் வந்தது, ரயிலிலும் பஸ்ஸிலும் படகிலும் ஒரே அட்டையைத் தட்டினால் போதும். இந்தியாவில் 2019 மார்ச்சில் தேசியப் பொதுப் பயண அட்டையைத் தொடங்கினார்கள். ரூபே அட்டையின் மேல் கட்டியது அது. அதே வகையில் சென்னை மெட்ரோ 2023 ஏப்ரலில் சிங்காரச் சென்னை அட்டையைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அது மாநகரப் பேருந்துக்கும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். நம் பக்கத்தில் அரசு பஸ், தனியார் பஸ், மினி பஸ், ரயில் என்று நான்குக்கும் நான்கு டிக்கெட்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பணம் அட்டைக்குள்ளேயே, சிப்பில் இருக்கும். தட்டியதும் மெஷின் அதிலேயே கழித்துக்கொள்ளும், டவர் வேண்டியதில்லை. தேசியப் பயண அட்டையில் இப்படி 2000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் அட்டை வெறும் அடையாளம். பணமும் கணக்கும் எங்கோ ஒரு கணினியில் இருக்கும். இரண்டாவதில் வசதி அதிகம். அட்டை தொலைந்தாலும் பணம் தொலையாது. சலுகை மாறினால் அட்டையை மாற்ற வேண்டாம். ஆனால் பாபநாசத்துக்கு மேலே மலையேறும் பஸ்ஸில் அது திணறும். அங்கே யூபிஐயும் திணறும். கண்டக்டரின் மெஷினில் கியூஆர் வரும், நம் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார்.

யூபிஐ இருக்கும்போது அட்டை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கையில் நல்ல போனும் வங்கியில் பணமும் இருப்பவருக்குத் தேவையில்லைதான். மதினி வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது; அது மகனோடு கல்லூரிக்குப் போய்விடும். மதினி கையில் இருப்பது பட்டன் போன். பட்டன் போனிலும் பணம் அனுப்பும் வழியை 2022 மார்ச்சிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மாமியாரைத் தாங்கிக்கொண்டு, அந்த எண்களை அமுக்கிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, யூபிஐ சலுகையை அறியாது. யார் எந்தப் பஸ்ஸிலிருந்து மாறி வந்தார் என்று அதற்குத் தெரியாது. அது காசு கொடுக்கும் வழி மட்டும். கணக்கு வைக்கும் ஆள் தனியாக வேண்டும்.

அந்த ஆளைப் புரிந்துகொள்ள பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போனால் போதும். பத்து விவசாயிகளின் மூட்டைகள் ஒரே வண்டியில் வந்து இறங்குகின்றன. கமிஷன் மண்டியில் எல்லாம் விற்கிறது. பணம் மொத்தமாக வருகிறது. சாயங்காலம் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, யார் மூட்டை என்ன விலைக்குப் போனது என்று சீட்டு எழுதி, கூலியும் கமிஷனும் கழித்து அவரவருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். பொதுக் கட்டணத்தில் அந்தக் கணக்குப்பிள்ளை ஒரு மென்பொருள். மதினி காலையில் அட்டையில் போட்ட நூறு ரூபாயில் மினி பஸ்காரருக்கு எவ்வளவு, அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எவ்வளவு என்று இரவில் பிரிப்பது அதன் வேலை. கணக்குப்பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாத மண்டிக்கு யாரும் மூட்டை கொண்டுவர மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான்.

மினி பஸ்காரரின் பயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் பேசிப் பார்த்த ஒருவர் சொன்னது: "அண்ணாச்சி, டீசலுக்கு அன்னன்னைக்கு ரொக்கம் வேணும். மூணு நாள் கழிச்சு பேங்குல ஏறும்னா வண்டி நிக்கும்லா." டிரைவர், கண்டக்டர் பேட்டாவும் அன்றைய வசூலிலிருந்துதான் போகிறது. அவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு: வசூல் எவ்வளவு என்பது மெஷினில் அப்படியே தெரிந்துவிடும். இரண்டையும் நான் குறையாகச் சொல்லவில்லை. பணம் அன்றிரவே கணக்கில் விழும் என்ற உறுதி இல்லாமல் அவரைக் கூப்பிட்டால் வர மாட்டார். அவர் வராவிட்டால் மதினியின் முதல் பஸ் வெளியே நிற்கும். அப்புறம் பொது என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

மூட்டை அரிசியும் கிலோ அரிசியும்

ஏழைக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம் மாறிச் செல்லும் சலுகை மட்டும் அல்ல. இன்னொன்று இருக்கிறது, என் கணிப்பில் அதுதான் முக்கியம்.

மூட்டையாக அரிசி வாங்குபவருக்குக் கிலோ விலை குறைவு. கிலோ கிலோவாக வாங்குபவருக்கு அதிகம். கையில் மொத்தப் பணம் இல்லாதவர்தான் கிலோவாக வாங்குகிறார். ஆக இல்லாதவர் அதிக விலை கொடுக்கிறார். பயணத்திலும் இதே கதை. மாதச் சீட்டு எடுத்தால் ஒவ்வொரு நடையும் மலிவு. ஆனால் ஒன்றாம் தேதி மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். நாள் கூலிக்காரர் எங்கிருந்து வைப்பார்? தினமும் டிக்கெட் எடுத்து, மாதக் கடைசியில் சீட்டுக்காரரைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

இதற்கு ஒரு நல்ல தீர்வு உண்டு. கட்டண உச்சவரம்பு என்று சொல்லலாம். பேச்சுக்கு, மாதச் சீட்டு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சீட்டு எடுக்க வேண்டாம். தினமும் அட்டையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். அந்த மாதத்தில் நீங்கள் கொடுத்தது 600-ஐத் தொட்டதும் மெஷின் காசு கழிப்பதை நிறுத்திவிடும். மீதி நாட்கள் சும்மா போகலாம். முன்பணம் இல்லாமலே மாதச் சீட்டு. பலசரக்குக் கடையின் பற்று நோட்டு மாதிரி. ஆனால் நோட்டு நம் பக்கம் இருக்கிறது. லண்டனில் 2003-ல் ஆய்ஸ்டர் அட்டை வந்தது, 2005-ல் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு வந்தது. நியூயார்க்கில் 2022-ல் ஒரு வாரத்துக்கு 12 பயணம் என்று வைத்தார்கள்; 13-வது முதல் இலவசம். காகித டிக்கெட்டில் இது நடக்கவே நடக்காது. பன்னிரண்டு டிக்கெட்டைச் சேர்த்து வைத்துக் காட்டினாலும் கண்டக்டர் என்ன செய்வார், பாவம்.

யாருக்கு வரம்பைக் குறைவாக வைப்பது? அதாவது ஏழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ரயில்வே ஒரு தடவை செய்து பார்த்தது. 2009-ல் வந்த இஸ்ஸத் சீசன் டிக்கெட்டில், மாதம் 1500 ரூபாய்க்குள் வருமானம் உள்ள அமைப்புசாராத் தொழிலாளருக்கு 100 கிலோமீட்டர் வரை மாதம் 25 ரூபாய். நினைத்துப் பார்க்கவே ஆச்சரியமான விலை. ஆனால் வருமானச் சான்றை வாங்கி வர வேண்டும். தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு அந்த ஒரு வரியின் கனம் தெரியும்: ஒரு நாள் கூலி போகும், சில சமயம் இரண்டு நாள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டி 2015-ல் ஆர்கா லிஃப்ட் என்ற குறைந்த கட்டண அட்டையைக் கொண்டுவந்தது. ஆர்கா என்பது 2009 முதலே அந்தப் பகுதியின் பஸ், ரயில், படகு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொது அட்டை. அதன் மேல்தான் ஏழைகளுக்கான கட்டணத்தை ஏற்றினார்கள். குடும்ப வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டின் இரண்டு மடங்குக்குள் இருந்தால் போதும். மருத்துவ உதவிக்கும் உணவு உதவிக்கும் மக்கள் ஏற்கெனவே வந்து போகும் இடங்களிலேயே பதிவு செய்துகொண்டார்கள். ஒரு தடவை பதிந்தால் இரண்டு வருடம் கவலையில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 2014-ல், அரசு நலத்திட்டங்களுக்காக ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பட்டியலையே பஸ் அட்டைக்கும் பயன்படுத்தினார்கள்.

நம்மிடம் பட்டியலுக்கா பஞ்சம்? 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா அட்டை இருக்கிறது. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறது. நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது. இதில் ஒன்றைக் காட்டினால் போதும் என்று எழுதினால் வேலை முடிந்தது. புதிதாக ஒரு சான்றிதழ் கேட்கும் திட்டம், எனக்குத் தெரிந்தவரை, யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களையே வாசலில் நிறுத்திவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பணத்தில் எழுத முடியாது. எல்லாரும் ஒரே அட்டையை ஒரே மாதிரி தட்டினால், யார் முழுக்கட்டணம், யார் பாதி, யார் சும்மா வருகிறார் என்று பக்கத்து சீட்டுக்குத் தெரியாது. "ஓசி பஸ்" என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு ஏறிய பெண்களிடம் கேட்டால் இதன் மதிப்பைச் சொல்வார்கள்.

பாலம் கட்டிய பணம்

சரி, யார் செலவழிப்பது? சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்காமல் திருநெல்வேலியில் ஒரு நாள் போகாது. ஒரு காலத்தில் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலத்தைக் கட்டினார், 1843-ல் திறந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் செய்துகொண்டிருந்த செலவு, ஒருவர் ஒரு தடவை செய்த செலவால் நின்றது. ஒரு படகுக்காரரிடம் போய் நீ பாலம் கட்டு என்று சொல்ல முடியாது. ஒன்றோ இரண்டோ வண்டி வைத்திருக்கும் மினி பஸ்காரரிடம் போய் நீ மென்பொருள் வாங்கு என்று சொல்வதும் அப்படித்தான்.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே சின்னச் சின்ன ஊர்களின் பஸ் நிறுவனங்கள் ஏராளம். ஒவ்வொன்றும் தனித்தனியாக மெஷின் வாங்கப் போனால் விலையும் கூடும், ஒன்றோடு ஒன்று பேசவும் பேசாது. ஆகவே மாநில அரசே கம்பெனிகளோடு விலை பேசி ஒப்பந்தம் போட்டு வைத்தது. சின்ன நிறுவனம் அந்த விலைப்பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2021-ல் மாண்டெரே சலினாஸ் பகுதியில் முதல் சோதனை ஓடியது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அதுதான்.

செலவு மூன்று வகை. மெஷின், அட்டை, மென்பொருள் எல்லாம் ஒரு தடவைச் செலவு. இதற்கு அரசியல்வாதிகளிடம் பணம் கிடைத்துவிடும். தொடங்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் சந்திப்பு பஸ் நிலையத்தையே இடித்துக் கட்டினோம். இரண்டாவது, வருடா வருடம் ஓட்டும் செலவு: சிம், சர்வர், பழுது, புகார் கேட்க ஒரு ஆள். இதற்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால் மறந்துவிடுவார்கள். முதலியார் பாலத்தின் ஒரு பகுதியும் பின்னாளில் வெள்ளத்தில் போய், மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது, சலுகையால் குறையும் வசூலை ஈடுகட்டும் பணம். இதில் தமிழ்நாட்டுக்கு அனுபவம் உண்டு: பெண்களின் இலவசப் பயணம் தொடங்கியபோது போக்குவரத்துக் கழகங்களுக்கு வருடத்துக்கு 1200 கோடி ரூபாய் ஈடு தருவதாக அரசு அறிவித்தது. இலவசம் என்ற பிறகும் கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாரே, எதற்கு? எண்ணிக்கைக்குத்தான். அட்டை தட்டினால் அந்த எண்ணிக்கை தானாக வரும், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் என்பது உட்பட. அதே ஈட்டுத்தொகையை மினி பஸ்காரருக்கும் நடைக்கு இவ்வளவு என்று கொடுக்க அப்போது வழி பிறக்கும்.

என்னிடம் அந்தப் பணத்தைக் கொடுத்தால் முதல் செலவை அட்டையில் செய்ய மாட்டேன். பெட்டிக்கடையில் செய்வேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வெற்றிலை, பாக்கு, போன் ரீசார்ஜ் விற்கும் கடை இருக்கிறதே, அங்கே ரொக்கமாக இருபது ரூபாய் கொடுத்தால் அட்டையில் இருபது ஏற வேண்டும். கடைக்காரருக்கு ஒழுங்கான கமிஷன் வேண்டும்; இல்லாவிட்டால் "நெட்டு இல்ல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். மதினிக்குக் கூலி ரொக்கமாக வருகிறது. ரொக்கம் நுழைய முடியாத டிஜிட்டல் திட்டம் அவரைப் பொறுத்தவரை பூட்டிய கதவு.

கண்டக்டரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் வழியையும் மூடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அந்த நாட்களில் கரண்ட் இல்லை, பல இடங்களில் டவர் இல்லை. கையில் நூறு ரூபாய்த் தாள் வைத்திருந்தவர்தான் பால் வாங்கினார்.

இதையெல்லாம் மதினியிடம் சொன்னேன். பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்டார். உச்சவரம்புக் கணக்கு உடனே பிடிபட்டது. பீடி சுற்றுகிறவர்களுக்கு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கு எப்போதும் மனதில் ஓடும். கடைசியில் அவர் கேட்டது நான் யோசிக்காத கேள்வி.

"நான் எங்க எறங்குதேன், எத்தன மணிக்குப் போனேன்னு அந்த மிசினுக்குத் தெரியும்லா? வீட்டுல கேட்டா சொல்லிருமா?"

தெரியும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் பதியாத அட்டைக்கு ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. 2024 பிப்ரவரி விதிப்படி, 3000 ரூபாய்க்குள் இருக்கும் பயண அட்டையை அடையாளச் சான்று இல்லாமலே தரலாம். அதில் யார் பயணி என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஏழைக்கான குறைந்த வரம்பு வேண்டுமென்றால் பெயர் பதிய வேண்டும். பயண விவரத்தை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் கேட்டால் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம், சில நாட்களில் அழிக்கவும் சொல்லலாம் என்று விளக்கினேன்.

மதினி தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்போ எனக்கு ரெண்டு கார்டு குடுங்க. ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு. இன்னொண்ணு பேரு போடாதது, எங்கம்மா வீட்டுக்குப் போக."